சாண்ட்விச்சுக்குத் துருவும் சீஸ் குழைந்து ஒட்டிக்கொள்கிறது: சரியான முறை என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். காலையில் நான்கு பேருக்குச் சாண்ட்விச் செய்ய வேண்டியிருக்கிறது. துருவிப் பொட்டலமாக வரும் சீஸை விட்டுவிட்டு, சில வாரங்களாகச் செடாரையும் மொசரெல்லாவையும் கட்டியாக வாங்கி நானே துருவிக்கொண்டிருக்கிறேன். சுவையில் குறையில்லை, துருவுவதில்தான் பெரும்பாடாக இருக்கிறது. முதல் பத்து இழுப்பு வரை இழை இழையாக விழுகிறது. அதற்குப் பிறகு கட்டி இளகி, துளைகளில் பிசைந்த மாவைப்போல் அடைத்துக்கொள்கிறது. கீழே விழுந்த துருவலும் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுகிறது. அந்த உருண்டையை ரொட்டியின் மேல் எவ்வளவு பிரித்துப் பரப்பினாலும் நடுவில் மேடாகவும் ஓரத்தில் வெறுமையாகவும் நிற்பதால், ரொட்டியின் அடிப்புறம் கருகிய பிறகும் நடுவிலுள்ள சீஸ் உருகாமல் கிடக்கிறது. போதாக்குறைக்கு, நேற்று கடைசித் துண்டோடு விரல் முட்டியையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். என்னிடம் இருப்பது சாதாரண நான்கு பக்கத் துருவி. அதில் எந்தப் பக்கத்தில், எப்படித் துருவ வேண்டும்? அல்லது வேறு கருவிதான் வாங்க வேண்டுமா?

மறுமொழி 1

வேறு கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் பாதிக்கு மேல் கட்டியின் சூட்டினால் வருபவை. சீஸிலுள்ள பால் கொழுப்பு, குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் திடமாக இருக்கும். வெளியே எடுத்ததும் சிறிது சிறிதாக இளகத் தொடங்கி, உடல் சூட்டை எட்டும்போது ஏறத்தாழ முழுவதும் எண்ணெயாகிவிடும். விரல்கள் பற்றும் இடத்திலும் தகட்டில் உரசும் இடத்திலும் இது விரைவாக நடப்பதால்தான், பத்து இழுப்பு நன்றாக வந்துவிட்டுப் பதினோராவதில் குழைகிறது.

ஆகவே துருவுவதற்கு முன் செடாரைப் பதினைந்து நிமிடமும், மொசரெல்லாவை அரை மணி நேரம் வரையிலும் ஃப்ரீசரில் வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு இறுகினால் போதும். கல்லாக உறையும்வரை விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகிக் கட்டியின் பிடிப்பைக் குலைத்துவிடும். பிறகு இழைக்குப் பதிலாகத் தூள்தான் விழும். துருவியையும் கூடவே குளிர வைப்பது நல்லது. கட்டியை வெறுங்கையால் பிடிக்காமல், அது வந்த உறையைப் பாதியளவு சுற்றியபடி பிடித்தால் கைச்சூடு அவ்வளவாக ஏறாது. தாளில் ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டுத் துருவியின் வெளிப்புறத்தில் பூசிக்கொண்டால் துளைகள் அடைபடுவதும் குறையும்.

பக்கத்தைப் பொறுத்தவரை, பெரிய துளைகள் உள்ள பக்கமே சாண்ட்விச்சுக்கு ஏற்றது. சிறு துளைகளில் விழும் மெல்லிய துருவல் தட்டைத் தொடுவதற்குள் இளகி ஒட்டிக்கொள்ளும். நான் துருவியை நிறுத்தி வைப்பதே இல்லை; பெரிய துளைப் பக்கம் மேலே வரும்படி ஒரு தட்டில் படுக்கப் போட்டு, கட்டியின் நீளமான பக்கத்தை அதன்மேல் வைத்து, ஒரே திசையில் நீளமாகத் தள்ளுவேன். துருவல் உள்ளேயே சேர்வதால் எவ்வளவு சேர்ந்தது என்பதும் தெரியும். துருவி ஆடவும் ஆடாது. வேகமாக முடித்துவிடலாம் என்று கட்டியை அமுக்கினால் துளையில் சீஸ் நசுங்குமே தவிர அறுபடாது. சேர்ந்த துருவலைக் குவியலாக விட்டுவைக்காமல், அவ்வப்போது அகலமான தட்டில் உதிர்த்துப் பரப்புங்கள்.

ஒரு சாண்ட்விச்சுக்கு 30 முதல் 40 கிராம் வரை போதும். ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்கு வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் எல்லோருக்கும் அந்த மேடு வந்துவிடும். தீயைக் குறைத்து, முதல் இரண்டு நிமிடம் மூடி போட்டு வைத்தால், ரொட்டி சிவப்பதற்குள் சீஸ் உருகிவிடும்.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் எல்லாச் சாண்ட்விச்சுக்கும் துருவல்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சூடாக்கி உருக்கும் சாண்ட்விச்சுக்குத் துருவல் சிறந்தது. மெல்லிய இழைகளுக்குள் சூடு விரைவாக இறங்குவதால் எல்லா இடத்திலும் ஒரே சீராக உருகும். சூடாக்காமல் உண்ணும் சாண்ட்விச்சிலோ முதல் கடியிலேயே பாதித் துருவல் மடியில் உதிரும். அதற்கு நான்கு பக்கத் துருவியில் பலரும் தொடாமல் வைத்திருக்கும் சீவும் பக்கத்தையோ, காய்கறித் தோல் சீவும் கருவியையோ கொண்டு மெல்லிய தகடுகளாகச் சீவிக்கொள்ளுங்கள். துருவலே வேண்டுமென்றால், இளகிய வெண்ணெயிலோ மயோனைஸிலோ பிசறி, ரொட்டியில் தடவும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பார்மிசான் போன்ற இறுகிய சீஸுக்கு வேறு வேலை இருக்கிறது. உள்ளே வைத்தால் அது செடாரைப்போல் இழுபட்டு உருகாது. மிக நுண்ணியதாகத் துருவி, வெண்ணெய் தடவிய ரொட்டியின் வெளிப்புறத்தில் தூவிச் சுட்டால் பொன்னிறத்தில் மொறுமொறுப்பான ஒரு படலம் கிடைக்கும். இதற்கு மைக்ரோபிளேன் வகைத் துருவி ஏற்றது. மரத்தை இழைக்கும் அரமாக முதலில் விற்கப்பட்ட கருவி அது. பிறகுதான் சமையலறைக்குள் வந்தது.

பொட்டலத் துருவலை நீங்கள் விட்டது சரியே. இழைகள் ஒட்டாமலிருக்க அதில் உருளைக்கிழங்கு மாவோ, சோள மாவோ, செல்லுலோஸ் தூளோ பூசியிருப்பார்கள். உடலுக்குத் தீங்கில்லை என்றாலும், உருகும்போது வழுவழுப்பு சற்றுக் குறைகிறது. அந்த உத்தியை நாமும் அளவோடு கையாளலாம்: கால் கிலோ துருவலுக்கு அரைத் தேக்கரண்டி சோள மாவைத் தூவிக் குலுக்கி வைத்தால் உருண்டை கட்டாது. அதே வேளைக்குத் துருவுகிறவர்களுக்கு இது தேவையில்லை.

மறுமொழி 3

விரல் முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கட்டி இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்ததும் துருவுவதை நிறுத்திவிட்டு, மிச்சத்தைக் கத்தியால் பொடியாக நறுக்கித் துருவலோடு கலந்துவிடுங்கள். உருகிய பிறகு எவருக்கும் வேறுபாடு தெரியாது.

கழுவும்போது வெந்நீரை முதலில் ஊற்றிவிடாதீர்கள். துளைகளில் இருக்கும் சீஸ் உருகி நூலாக இழுபட்டுத் தகட்டோடு படிந்துவிடும். தண்ணீரில் அலசி, கூர்முனைகள் நோக்கும் திசையிலேயே தூரிகையால் தேய்த்துவிட்டு, அதன் பிறகு சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவலாம். எதிர்த் திசையில் தேய்த்தால் பஞ்சு கிழியும், கையும் கிழியும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை செடாரைப் பதினைந்து நிமிடம் குளிர வைத்து, துருவியைப் படுக்கப் போட்டுத் துருவினேன். கடைசி வரை இழை இழையாகவே வந்தது. ரொட்டியின் நான்கு மூலைகளிலும் சீஸ் உருகியிருந்தது. மொசரெல்லாதான் இன்னும் வழிக்கு வரவில்லை. அரை மணி நேரம் வைத்தும் துருவியில் நீர் கசிந்து கூழாகிவிட்டது. நான் வாங்கியது உப்புநீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை. தவறு அங்கேதான் என்று தோன்றுகிறது. இன்னொன்று, முதல் நாள் இரவே துருவி வைக்கலாமா?

மறுமொழி 2

அங்கேதான். மொசரெல்லா என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. அமெரிக்க உணவுத் தர விதிகளின்படி, வெறும் மொசரெல்லாவில் ஈரம் 52 விழுக்காட்டுக்கு மேல் 60 வரை இருக்கலாம். குறைந்த ஈரப்பத மொசரெல்லாவில் அது 45 முதல் 52 வரை. செடாரிலோ 39 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நீங்கள் வாங்கிய உருண்டை முதல் வகை. அதைத் துருவவே கூடாது. கையால் பிய்த்து, தாளின் மேல் கால் மணி நேரம் நீர் வடியவிட்டு, அப்படியே ரொட்டியின் மேல் வையுங்கள். துருவுவதற்குக் குறைந்த ஈரப்பதம் என்று குறிக்கப்பட்ட கட்டியைத் தேடி வாங்குங்கள்.

இரவே துருவி வைக்கலாம். மூடியுள்ள பாத்திரத்தின் அடியில் ஒரு தாளை விரித்து, துருவலை அமுக்காமல் தளர்வாக இட்டு மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காற்றுப்படும் பரப்பு கூடிவிடுவதால் கட்டியைவிடத் துருவல் விரைவில் உலரும், விரைவில் பூஞ்சையும் பிடிக்கும் என்பதால், இரண்டு மூன்று நாளுக்கு மேற்படத் துருவி வைக்காதீர்கள்.