ஐயாயிரத்துக்குள் காதை முழுசாக மூடும் ஹெட்போன்: மும்பை மழைக்குத் தாங்குமா?

செம்பூர் ராத்திரிக்காரன்:

வணக்கம். செம்பூரில் ஒரு பெட்ரூம் வீடு. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டு கேட்க நேரம் கிடைக்கும், அப்போதுதான் குழந்தையும் தூங்கும், அம்மா ஹாலில் படுத்திருப்பார். ஸ்பீக்கருக்கு வழியே இல்லை. மூன்று வருடத்தில் இரண்டு ப்ளூடூத் ஹெட்போன் வாங்கி இரண்டும் போய்விட்டன. முதலாவதில் பேட்டரி முக்கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால், பேட்டரி தனியாக வராது, புதுசு வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். இரண்டாவது இன்னும் நன்றாகத்தான் பாடுகிறது, ஆனால் போன ஆடி மாதத்தில் குஷன் மேலிருக்கும் ரெக்ஸின் உரிய ஆரம்பித்து, கழற்றி வைத்தால் காதோரம், கழுத்து, தலையணை உறை எல்லாம் கறுப்புச் செதில். ஒருநாள் கன்னத்தில் அது ஒட்டியபடியே ஆபீஸ் மீட்டிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு ஆள் சொல்லவில்லை.

பட்ஜெட் ஐயாயிரம். வெளியே எடுத்துப் போக மாட்டேன், வீட்டில் மட்டும்தான். கச்சேரிப் பதிவுகள், பழைய சினிமாப் பாட்டு, இவ்வளவுதான் கேட்பது. கண்ணாடி போடுகிறவன், காது மேல் உட்கார்ந்து அழுத்துகிற சின்ன வகை பத்து நிமிஷத்தில் வலிக்கிறது. ஐந்து வருடமாவது ஓட வேண்டும். என்ன வாங்கலாம்?

மாட்டுங்கா கிழவன்:

தம்பி, உள்ளே பேட்டரி என்று ஒன்று இருந்தாலே அதற்கு ஆயுள் எழுதியாகிவிட்டது. லித்தியம் பேட்டரி சார்ஜ் ஏற்ற ஏற்றத் தேயும், அதை மாற்றுகிற மாதிரி பெரும்பாலும் செய்வதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கப்போகிறவருக்கு வயர் வைத்ததே போதும். அதே ஐயாயிரம் வயர்லெஸ்ஸில் பேட்டரிக்கும் சிப்புக்கும் மைக்குக்கும் பங்கு பிரிந்து போகும்.

ஆனால் வயர் என்று முடிவு செய்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீராது. இந்த ஊரில் முதலில் சாவது குஷன்தான். ரெக்ஸின் என்று நாம் சொல்கிற அந்தத் தோல் பாலியூரித்தேன். காற்றில் இருக்கிற ஈரமே அதைச் சிதைக்கும், வியர்வையும் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் உரியும், அதனால் பாதி விலைக்குத் தருகிறேன் என்று பழைய ஸ்டாக்கைத் தள்ளப் பார்ப்பவனிடம் ஜாக்கிரதை, பெட்டியில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். நான் ஹெட்போன் வாங்கும்போது முதலில் அந்த மாடலுக்குக் குஷன் தனியாகக் கிடைக்கிறதா என்றுதான் தேடுவேன். கிடைக்காவிட்டால் அது எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் எனக்கு வேண்டாம்.

அந்தக் கணக்கில் உங்களுக்கு நான் சொல்வது ஆடியோ டெக்னிகாவின் எம்20எக்ஸ். 40 மி.மீ. டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்புகிற பகுதி), மின்தடை 47 ஓம்தான், அதனால் போனிலேயே சத்தம் போதுமான அளவு வரும். மடங்காது, திரும்பாது, வீட்டில் வைத்துக் கேட்பதற்கு அது நல்லதே, கீல் குறைந்தால் உடையும் இடமும் குறையும். அதன் அண்ணன் எம்50எக்ஸ் உலகம் பூராவும் ஸ்டூடியோக்களில் ஓடுவதால் அதற்குக் குஷன் செய்து விற்கிறவர்கள் ஏராளம், அதே குஷன் இதற்கும் பொருந்தும். குறை என்று சொன்னால், வயரைக் கழற்ற முடியாது, அது 3 மீட்டர் வேறு, காலில் சுற்றும். கழற்றுகிற வயர் வேண்டுமென்றால் எம்40எக்ஸ் போக வேண்டும், உங்கள் பட்ஜெட் தாண்டும்.

பேஸை, அதாவது கீழ்ச்சத்தத்தை, ஏற்றி விற்கிறதை மட்டும் தொடாதீர்கள். அதில் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தின் தொப்பி (இடது முகம்) யாரோ கதவை இடிப்பது மாதிரி வரும், வலந்தலையில் (வலது முகம்) விழுகிற சாப்பு அடி மழுங்கிப் போகும், தம்புரா இருக்கிறதா என்றே தெரியாது. சண்முகானந்தாவில் பால்கனி டிக்கெட்டில் கேட்டு வளர்ந்த காது என்னுடையது, மன்னிக்கவும், இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சயான் தங்கச்சி:

பெரியவர் சொல்வது நாற்காலியில் உட்கார நேரம் இருப்பவர்களுக்குச் சரி. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும்தான் கேட்கிறேன், 3 மீட்டர் வயரைக் கட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது. செம்பூர் அண்ணா, உங்களுக்கும் கைக்குழந்தை என்றால் தொங்குகிற வயரை அது விட்டுவைக்கும் என்று நினைக்கிறீர்களா?

ப்ளூடூத்தே வாங்கினாலும் 3.5 மி.மீ. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பேட்டரி போன பிறகும் வயர் போட்டுக் கேட்கலாம். ஆனால் சில மாடல் வயர் போட்டாலும் பேட்டரியில் உயிர் இருந்தால்தான் பாடும், கடையில் ஆஃப் செய்துவிட்டு வயர் சொருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேமிங்டன் ஈயக்கோல்:

நான் கிராண்ட் ரோடு பக்கம் ரிப்பேர் செய்கிறவன், வருகிற வயர் ஹெட்போனில் பெரும்பாலானது ஒரே நோய்: ஜாக்குக்குப் பக்கத்தில் ஒரு இஞ்சுக்குள் வயர் அறுந்திருக்கும். ஒரு பக்கம் கேட்காது, வளைத்துப் பிடித்தால் கேட்கும். இதற்காக யாரும் ஹெட்போனைத் தூக்கிப் போடாதீர்கள். வெட்டிவிட்டுப் புது ஜாக் வைத்தால் முடிந்தது, நீளமான வயர் இதில் ஒரு வசதி, நாலு தடவை வெட்டினாலும் மிச்சம் இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒரு இடத்தில் தவறாமல் தோற்பார்கள். அந்த வயருக்குள் தலைமுடி மாதிரி சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இழைகள் இருக்கும், நடுவில் நூலும் ஓடும். அந்த நிறம் பெயிண்ட் இல்லை, மின்சாரம் கடத்தாத வார்னிஷ். அப்படியே ஈயம் வைத்தால் உருண்டு ஓடிவிடும். சூடான கோலின் நுனியில் ஈயத்தை வைத்து அதற்குள் இழையை நாலைந்து நொடி பிடியுங்கள், வார்னிஷ் புகைந்து போய் இழை வெள்ளியாகப் பளபளக்கும், அதற்கப்புறம்தான் பிடிக்கும். பெரும்பாலும் பச்சை இடது, ஜாக்கின் நுனிக்கு, சிவப்பு வலது, நடு வளையத்துக்கு, செம்பு கடைசிக்கு.

அப்புறம் செகண்ட்ஹேண்டில் பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ சிக்கினால் யோசிக்கலாம், குஷனிலிருந்து ஹெட்பேண்ட் வரை உதிரி கிடைக்கும், 80, 250 ஓம் மாடல்களில் குஷன் வெல்வெட் மாதிரித் துணி என்பதால் செதில் உரிகிற பேச்சே இல்லை. ஆனால் அது 32, 80, 250 ஓம் என்று வருகிறது. 250 ஓம் போட்டதைப் போனில் சொருகிவிட்டுச் சத்தமே வரவில்லை, கெட்டுப்போச்சு என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

செம்பூர் ராத்திரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. எம்20எக்ஸ் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. தங்கச்சி சொன்னது நியாயம்தான், ஆனால் நான் கேட்கும்போது குழந்தை தூங்குகிறது, அதனால் தப்பித்தேன்.

என் போனில் ஜாக் இல்லாததால் ஒரு டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கினேன், நூற்று இருபது ரூபாய், ஒரு சத்தமும் வரவில்லை. அதில் வெறும் வயர் மட்டும்தானாம், என் போனுக்கு, டிஜிட்டலைச் சத்தமாக மாற்றுகிற சிப் தனக்குள்ளேயே இருக்கிற கன்வெர்ட்டர் வேண்டுமாம். மாற்றிய பிறகு சரி. இதையும் யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

சத்தம் பற்றி: முன்பு ஃபேன் சத்தத்தையும் கீழே போகிற ஆட்டோவையும் மீறுவதற்காக முக்கால்வாசி வால்யூம் வைப்பேன், இதில் பாதிக்குக் கீழேயே போதுமாக இருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 போனால் 4 மணி நேரம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதைப் படித்ததிலிருந்து கொஞ்சம் பயம்.

கண்ணாடிக் காம்பு மட்டும் இன்னும் லேசாக அழுத்துகிறது. துணிக் குஷன் போட்டால் குறையுமா?

மாட்டுங்கா கிழவன்:

குறையும், ஆனால் துணி வழியாகக் கீழ்ச்சத்தம் கொஞ்சம் கசியும், தொப்பி மெலியும். அவசரப்படாதீர்கள். ராத்திரி முழுக்க நாலைந்து புத்தகத்தை அடுக்கி அதன் மேல் ஹெட்போனை விரித்து மாட்டி வையுங்கள், தலை அகலத்தைவிட ஒரு விரல் மட்டும் கூட. ஒரு வாரத்தில் இறுக்கம் தளரும். குஷனை மழை வந்து இது உரிகிற அன்று மாற்றினால் போதும்.