புதுப்பிப்பு: ஃபிளமெங்கோ கிற்றார் வாங்கிய கதை

60,000 ரூபாய்க்குள் மட்டக்களப்பில் ஃபிளமெங்கோ (ஸ்பெயின் நாட்டு இசை) கிற்றார் கிடைக்குமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைக்கவில்லை. பின்பலகையும் பக்கங்களும் சைப்ரஸ் மரத்தில் செய்த யமஹா சிஜி182எஸ்எஃப் என்ற ஃபிளமெங்கோ கிற்றார் மீது ஆசைதான், விலை எட்டவில்லை. கடைசியில் கல்லடியில் ஒருவரிடம் பழைய கிளாசிக்கல் கிற்றார் ஒன்றை 35,000க்கு வாங்கினேன். நைலோன் நரம்பு, கழுத்து நேர், அது போதும்.

பிரச்சினை நரம்பின் உயரம். 12ஆவது பிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பி) தடித்த நரம்பு 4 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றது. ஃபிளமெங்கோவுக்கு 3க்குக் கிட்டவாக வேண்டும். அங்கே 1 மில்லிமீற்றர் குறைய, பிரிட்ஜில் (உடலில் நரம்பைக் கட்டும் பாகம்) நரம்பைத் தாங்கும் வெள்ளைச் சட்டத்தின் அடியில் 2 மில்லிமீற்றர் தேய்க்க வேண்டும். மேசையில் சாண்ட் பேப்பரை ஒட்டி, கொஞ்சம் தேய்ப்பது, நரம்பு மாட்டிப் பார்ப்பது, திரும்பக் கழற்றுவது. ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. இப்போது பலமாக அடித்தால் லேசாக இரைகிறது. ஃபிளமெங்கோவில் அந்த இரைச்சலையும் விரும்புவார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

ஃபிளமெங்கோவில் வாசிக்கும்போது விரலால் கிற்றாரின் முன்பலகையைத் தட்டும் இடத்துக்குக் கொப்பி உறை போடும் பிளாஸ்டிக்கை ஒட்டினேன். அது மட்டும் மடத்தனம். இரண்டே நாள் வெக்கையில் ஓரம் கிளம்பிவிட்டது. சரி, அதற்கென்றே உள்ள கோல்பெயடோர் என்ற பாதுகாப்புத் தகடு கொழும்பிலிருந்து வருகிறது, ஒட்டியதும் படம் போடுகிறேன்.