அம்மாவின் சுகரைப் போன் செயலியில் கவனிப்பது பிரயோசனமா, வீண் பதட்டமா?

கோண்டாவிலான்:
எனக்குக் கொழும்பில் வேலை, அம்மா யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் தனிய இருக்கிறார். சலரோகமும் பிரஷரும் கனகாலமாக உண்டு. கிளினிக் நாள் கிட்ட வந்தால் இரண்டு மூன்று நாளைக்குச் சோற்றைக் குறைத்து, சீனியில்லாத் தேத்தண்ணி குடித்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, பரவாயில்லை என்று கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வருவார். மற்ற நாட்களில் என்ன நடந்தது என்று டொக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் புளூடூத் மீற்றர் ஒன்று வாங்கி, அம்மாவின் போனில் செயலியைப் போட்டு, குத்திப் பார்த்தவுடன் வாசிப்பு எனக்கும் வருகிற மாதிரிச் செய்து வைத்தேன். தங்கச்சி இதை வேண்டாத வேலை என்கிறாள். மனுசர் இந்த வருத்தத்தோடு சீவிக்கிறது வீட்டில்தானே, கிளினிக்கில் இல்லையே. அந்த வீட்டு நாட்களுக்கு உதவியாக ஏதாவது வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொப்பிக்காரி:
நான் உங்கள் தங்கச்சியின் பக்கம். நானும் சலரோகக்காரிதான், மெட்ஃபோமின் குளிசையில் இருக்கிறேன், எல்லாம் கொப்பியில் எழுதுகிறவள். காலையில் 180 என்று மீற்றர் காட்டினால் அம்மா என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தீர்களா? செயலி சிவப்பு நிறத்தைக் காட்டும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பயந்து இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சுகரை இறக்குகிற கிளிக்ளசைட் குளிசையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்தால் விடிய முதல் சுகர் இறங்கி மயங்க வேண்டியதுதான். அமெரிக்காவில் வட கரோலினாவில், இன்சுலின் போடாத 450 சலரோகக்காரரை மூன்று பிரிவாக்கிப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு குத்திப் பார்க்கவே இல்லை, ஒரு பிரிவு தினமும் ஒருமுறை பார்த்தது, மூன்றாவது பிரிவுக்கு மீற்றரே புத்திமதிச் செய்தியும் காட்டியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எச்பிஏ1சி அளவில், அதாவது கடைசி இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டுகிற ரத்தச் சோதனையில், மூன்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. பிறகேன் அந்த மனுசியின் விரலைப் புண்ணாக்குகிறீர்கள், தம்பி? ஒவ்வொரு முறையும் மீற்றரில் செருகுகிற ஸ்ட்ரிப்புக்குக் காசு வேறு.

பாமசிப் பெடியன்:
மீற்றர் வெளிநாட்டில் இருந்து வந்ததா, அண்ணா? கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிறது இதைத்தான். லண்டனிலும் கனடாவிலும் சுகரை மில்லிமோலில் அளப்பார்கள், எங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுவது மில்லிகிராமில். ஒரு ஐயா மகள் அனுப்பிய மீற்றரைக் கொண்டுவந்து, திரையில் 9.4 என்று இருப்பதைக் காட்டி, "பத்துக்கும் கீழே, நல்லா இறங்கிவிட்டது தம்பி" என்று சந்தோசமாகச் சொன்னார். 18ஆல் பெருக்கிப் பாருங்கள், 169 வரும், அதுவும் வெறும் வயிற்றில். அவர் பாதிக் குளிசையைத் தானாகவே நிறுத்தியும் இருந்தார். அந்த மீற்றருக்கான ஸ்ட்ரிப்பும் இங்கே கிடைக்கவில்லை, முடிந்த பிறகு பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. செயலியிலும் இந்த அலகை மாற்றுகிற இடம் இருக்கும், போட்டுக் கொடுக்கிறவர்தான் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

நெடுந்தீவான்:
கொப்பி போதும் என்று சொல்கிறவர்கள் ரவுனுக்குக் கிட்ட இருக்கிறவர்கள். எங்களுக்குத் தீவில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர மட்டும் படகில் ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பஸ். காற்றுக் கடுமை என்றால் படகும் ஓடாது. தீவு ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குப் பார்ப்பார்கள், ஆனால் அப்பாவின் பிரஷர் குளிசையைக் கூட்டிக் குறைக்கிறவர் யாழ்ப்பாணத்து டொக்டர். அவர் நல்ல மனுசன், காலையும் பின்னேரமும் அளந்து படமெடுத்து வைபரில் அனுப்பச் சொன்னார். அனுப்பினோம், பார்த்துவிட்டு ஒரு குளிசையை மாற்றினார், அப்பாவுக்குத் தலைச்சுற்றும் நின்றது. நீங்கள் சொல்கிற கொப்பி அலுமாரியில் இருந்தால் அதை யார் கடல் தாண்டிப் பார்ப்பார்?

கொப்பிக்காரி:
நீங்கள் சொன்னதையே திருப்பி வாசித்துப் பாருங்கள். உங்கள் அப்பாவைக் காப்பாற்றியது அந்த டொக்டர், செயலி இல்லை. பிரித்தானியாவில் பிரஷர்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வீட்டில் அளந்த கணக்கைப் பார்த்து டொக்டர் மருந்தை மாற்றிய இரண்டு பிரிவுக்கும், வழமைபோலக் கிளினிக்கில் மட்டும் அளந்தவர்களைவிடப் பிரஷர் குறைந்தது. ஒரு பிரிவு போனில் அனுப்பியது, மற்றது கடதாசியில் எழுதிக் கொடுத்தது. வருட முடிவில் அந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. கோண்டாவிலான் தம்பி, உங்கள் அம்மாவின் வாசிப்பைப் பார்க்கிறது நீங்கள். நீங்கள் டொக்டரா?

கோண்டாவிலான்:
அக்கா, அதே ஆய்வில் ஆறாம் மாதத்தில் போனில் அனுப்பியவர்களுக்குத்தான் பிரஷர் கெதியாக இறங்கியது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் டொக்டர் இல்லை. ஆனால் மூன்று நாள் தொடர்ந்து 250க்கு மேலே போனால் கூப்பிட்டு "என்னம்மா, காலில் புண் கிண் இருக்கா, குளிசை முடிந்துவிட்டதா" என்று கேட்க நான் டொக்டராக இருக்கத் தேவையில்லை. குளிசை முடிந்ததை அம்மா சொல்லமாட்டார், பிள்ளைக்கு ஏன் கரைச்சல் என்று இருந்துவிடுவார். மீற்றர் சொல்லும்.

ஓய்வுபெற்ற தாதி:
பிள்ளைகள், இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். வெறும் குளிசை வேறு, இன்சுலின் வேறு. இன்சுலின் போடுகிறவர் குத்திப் பார்க்காமல் இருக்கவே கூடாது, அந்த அமெரிக்க ஆய்வை அவர்களுக்கு இழுக்காதீர்கள். அதேநேரம், இத்தனை யூனிட் போடு என்று கணக்குச் சொல்கிற செயலிகளைக் கிட்டவும் எடுக்காதீர்கள். 2015இல் அப்படிப்பட்ட 46 செயலிகளைச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பங்கு பிழையான அளவு சொல்லக்கூடியவையாக இருந்தன.

சாப்பாட்டுப் பட்டியலும் அப்படித்தான். என் பேத்தி காட்டிய செயலியில் இட்லிக்கு மாச்சத்து எவ்வளவு என்று இருந்தது, குரக்கன் புட்டு இல்லை, ஒடியல் கூழ் இல்லை. நாங்கள் புட்டைக் கிராமில் நிறுத்தா சாப்பிடுகிறோம்? புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் பாதி, கால்வாசி என்று சொல்லிக் கொடுத்தால்தான் வயது போனதுகளுக்கு விளங்கும். நான் வார்டில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன், கேட்டார்கள்.

தம்பி, செயலியை வைத்திருங்கள். ஆனால் அடுத்த கிளினிக்கில் கேட்டு, எந்த அளவுக்கு மேலே போனால் வர வேண்டும், எந்தக் குளிசையை எப்போது விடக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். 70க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, இன்றைக்கே எழுதுங்கள்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும்.

கோண்டாவிலான்:
சரி தாதியம்மா, இன்றைக்கே எழுதி அனுப்புகிறேன். பிரஷர் மெசினும் வாங்கி, கிளினிக்குக்கு முதல் கிழமை முழுக்கக் காலை பின்னேர வாசிப்பைக் கடதாசியில் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன், டொக்டர் பார்க்கட்டும். செயலியை மட்டும் அழிக்கமாட்டேன். அம்மாவுக்குச் சுகர் இறங்கினால் எனக்குத் தெரிய வேண்டும்.

கொப்பிக்காரி:
சுகர் இறங்கிக் கை நடுங்கும்போது அவர் போனைத் தேடி எடுத்துக் குத்திப் பார்த்தால்தான் அது உங்களுக்குக் கொழும்பில் தெரியும். பக்கத்து வீட்டு ஆட்களிடமும் சொல்லி வையுங்கள், தம்பி. சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அம்மா மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிக்கவும் தெரிய வேண்டும்.