18 மி.மீ. சட்டத்தைத் தடித்த காலுடன் இணைக்கப் படி டவல் பொருந்துமா?

புதுத்தச்சன் (கேள்வி):

வணக்கம். நான் செய்துவரும் பக்கமேசையின் கால்கள் 45 மி.மீ. சதுரம், அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டங்கள் 18 மி.மீ. தடிப்பும் 70 மி.மீ. அகலமும் உடையவை. டவலின், அதாவது இரு மரங்களிலும் துளையிட்டுச் செருகி ஒட்டும் உருளைக் குச்சியின், விட்டம் மெல்லிய பலகையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கலாம் என்னும் பொதுக்கணக்கின்படி சட்டத்துக்கு 8 மி.மீ. டவல் சரியாக வருகிறது. ஆனால் அவ்வளவு தடித்த காலுக்கு அது போதாதோ என்று தோன்றுவதால், காலில் இறங்கும் பாதி 12 மி.மீ. ஆகவும் சட்டத்தில் இறங்கும் பாதி 8 மி.மீ. ஆகவும் உள்ள படி டவலை வைக்க எண்ணுகிறேன். இதனால் உண்மையில் வலு கூடுமா, படி எந்த இடத்தில் அமைய வேண்டும், கடைசல் இயந்திரம் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். கழுந்து (சட்டத்தின் முனையையே செதுக்கிச் சதுரத் துளையில் செருகும் இணைப்பு) வைக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். சதுரத் துளை வெட்டும் உளிகள் என்னிடம் இல்லை.

கடைசல்பட்டறை:

வலு கூடும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் வகையில் அன்று. இரு மரங்களும் சந்திக்கும் கோட்டில் டவலின் குறுக்குவெட்டு 8 மி.மீ. தான் என்பதால், அங்கே டவலை வெட்ட முயலும் விசைக்கு எதிராகப் படியால் எந்தப் பயனும் இல்லை. பயன் முழுவதும் பசைப்பிடிப்பில் இருக்கிறது. சட்டத்தின் முனையில் இடும் துளை மர இழையின் போக்கிலேயே உள்ளே செல்வதால், துளையின் சுவரும் டவலின் பக்கமும் இழையோடு இழையாகச் சேர்ந்து நன்றாக ஒட்டிக்கொள்ளும். காலில் இடும் துளையோ இழையைக் குறுக்கே அறுத்துச் செல்கிறது. அதன் சுவரில் பெரும்பகுதி அறுபட்ட இழைமுனைகளாக இருப்பதால் பசை அங்கே அரைகுறையாகத்தான் பிடிக்கும். மேசையைப் பக்கவாட்டில் தள்ளும்போது, சட்டத்தின் ஒரு விளிம்பு காலில் அழுந்த, மறு விளிம்பருகே உள்ள டவல் துளையிலிருந்து உருவப்படுகிறது. அப்போது முதலில் தளர்வது பெரும்பாலும் காலுக்குள் இருக்கும் பாதிதான். அந்தப் பாதியின் விட்டத்தை 8 இலிருந்து 12 ஆக்கினால், அதே ஆழத்தில் ஒட்டும் பரப்பு ஒன்றரை மடங்காகிறது. தடித்த முனையைக் காலில் வைக்க நினைத்தது சரியான முடிவு.

படியின் தோள் (விட்டம் மாறும் இடத்து விளிம்பு) சந்திப்புக்கோட்டில் மிகச் சரியாக நிற்க வேண்டும் என்று முயலாதீர்கள். அது அரை மில்லிமீட்டர் வெளியே துருத்தினாலும் இணைப்பு முழுமையாக மூடாது. எவ்வளவு கிளாம்ப் போட்டு இறுக்கினாலும் இடைவெளி நிற்கும். காலின் முகப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தோள் அமையுமாறு பெரிய துளையைச் சற்று ஆழமாக இடுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரே விட்டத்தில்தான் துளை வருகிறது என்பதால், படித்துளை இடும் தனி டிரில் பிட் எதுவும் தேவையில்லை.

நாற்காலி மருத்துவர்:

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் புதிய வேலைக்கு இது வேண்டாத உழைப்பு என்பது என் கருத்து. நேரான 8 மி.மீ. டவலைக் காலுக்குள் 30 மி.மீ. ஆழம் இறக்கி, இரண்டு டவல்களுக்கும் இடையே இயன்ற அளவு தூரம் விட்டால், ஒரு பக்கமேசைக்கு அது தாராளமாகப் போதும். படி டவலுக்கு உரிய இடம் பழுதுபார்ப்பு. ஆடிப்போன நாற்காலியில் பெரும்பாலும் ஒரு பக்கத் துளைதான் நைந்து அகன்றிருக்கும். அதை அடுத்த அளவுக்குச் சுத்தமாகத் துளைத்து, மறுபக்கத்துத் துளையைத் தொடாமல், இரண்டு விட்டங்களும் கொண்ட டவலை வைத்தால் வேலை முடிந்தது. நைந்த துளையை அடைத்து அதே இடத்தில் மீண்டும் துளையிடுகிறார்கள் சிலர். 10 மி.மீ. அடைப்பில் 8 மி.மீ. துளை இட்டால் சுற்றிலும் எஞ்சுவது 1 மி.மீ. தடிப்புள்ள மரத்தோல், அதை நம்பி யாரையும் உட்கார வைக்க முடியாது.

மரத்தூள்:

கேள்வியில் வராத ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்கள் செங்கோணத்தில் வந்து சேர்கின்றன. சட்டங்கள் காலின் நடுவில் அமைந்தால், ஒரு பக்கத்து 12 மி.மீ. துளை மறுபக்க முகப்பிலிருந்து 16.5 மி.மீ. ஆழத்தில் குறுக்கே நிற்கும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் அதற்கு மேல் துளைக்க வழியில்லை. ஆகவே உயரங்களை மாற்றி வையுங்கள்: ஒரு சட்டத்தில் மேல்விளிம்பிலிருந்து 13, 43 மி.மீ.; அடுத்ததில் 28, 58 மி.மீ. அப்போதும் 12 மி.மீ. துளைகளுக்கு இடையே 3 மி.மீ. மரம்தான் மிஞ்சும். 10 மி.மீ. எடுத்தால் 5 மி.மீ. மிஞ்சும், ஒட்டும் பரப்பும் 8 மி.மீ. டவலைவிடக் கால்பங்கு கூடுதலாகவே இருக்கும். நான் 10க்கு 8 என்றே வைப்பேன்.

கடைசல் இல்லாமல் செய்ய, இழை நேராக ஓடும் 10 மி.மீ. டவலை எடுத்துக்கொள்ளுங்கள். தோள் வரும் இடத்தில் மெல்லிய பற்களுள்ள இரம்பத்தால் சுற்றிலும் கீறல் போடுங்கள். கீறல் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கட்டும். ஆழமாகப் போனால் உள்ளே எஞ்சும் இழைகளும் அறுபட்டு, டவல் பிற்பாடு அந்த இடத்திலேயே முறியும். பிறகு முனையைக் கத்தியால் சற்றுக் கூராக்கி, எஃகுத் தகட்டில் உள்ள 9 மி.மீ. துளையிலும் அடுத்து 8 மி.மீ. துளையிலும் கீறல் வரை அடித்து இறக்கி, மறுபுறமிருந்து தட்டி வெளியே எடுங்கள். இரண்டு விட்டங்களும் ஒரே அச்சில் இருக்க வேண்டியது மிக முக்கியம். கழிவுமரத்தில் 8 மி.மீ. துளை இட்டு மெல்லிய முனையைச் செருகிச் சுழற்றினால், தடித்த முனை ஆடுகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆடினால் அந்த டவலை ஒதுக்கிவிடுங்கள்.

புதுத்தச்சன்:

மூவருக்கும் நன்றி. துளைகள் ஒன்றோடொன்று மோதும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. 10க்கு 8 என்றே செய்கிறேன். தடித்த முனையை முதலில் காலில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தைச் சேர்க்கலாமா?

கடைசல்பட்டறை:

சேர்க்கலாம், அதுவே எளிது. ஒட்டும் முன் டவலின் பக்கத்தில் நீளவாக்கில் ஓர் இரம்பக் கீறல் போட்டு, சட்டத்தின் துளையையும் 2 மி.மீ. கூடுதல் ஆழமாக விடுங்கள். இல்லையென்றால் துளைக்குள் அடைபடும் பசை வெளியேற வழியின்றி, அடிக்கும்போதே மரத்தைப் பிளந்துவிடும்.