350 ஷெவி இன்ஜினுக்கு எந்த கேம்ஷாஃப்ட்? யோசனை சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வண்டி 1969 ஷெவர்லே கமேரோ கார்; 350 ஸ்மால் பிளாக் (350 கன இன்ச் வி8 இன்ஜின்), டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். பழைய கேம்ல (வால்வைத் திறந்து மூட வைக்கிற ஷாஃப்ட்) லோப், அதாவது வால்வைத் தள்ளுற மேடு, தேஞ்சுபோச்சு, மாத்தியே ஆகணும். ஹெட், குவாட்ராஜெட் கார்புரேட்டர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்கு கடத்துறது) எல்லாமே கம்பெனி ஃபிட்டிங். பின் ஆக்ஸில் கியர் விகிதம் 3.08. ரோட்டுல ஓட்டத்தான், ரேஸுக்கு இல்ல.

காம்ப் கேம்ஸ் கம்பெனியோட எக்ஸ்இ262, எக்ஸ்இ268 ரெண்டுல ஒண்ணு வாங்கணும். வால்வ் திறந்திருக்கிற நேரம் (இன்டேக்/எக்ஸாஸ்ட், 0.050 இன்ச் லிஃப்ட்ல அளந்தது) முதலாவதுல 218/224 டிகிரி, அடுத்ததுல 224/230. ஐடில்ல அந்த தடதடப்பு 268-லதான் நல்லா கேக்கும், அதுமேல ரொம்ப ஆசை. ஆனா பவர் பிரேக் இருக்கு. அது இன்ஜின் இழுக்கிற வேக்யூம்ல (வெற்றிட அழுத்தம்) வேலை செய்யுது; பெரிய கேம்ல வேக்யூம் குறைஞ்சா பிரேக் மிதி கல்லு மாதிரி ஆயிடும். இந்த கன்வெர்ட்டரையும் ஆக்ஸிலையும் வச்சுக்கிட்டு 268 போட்டா சிக்னல்ல எடுக்கும்போது இழுவையும் குறையும். அதனால மனசு 262 பக்கம் சாயுது.

268 போட்டு ஓட்டுறவங்க சொல்லுங்க: கியர்ல நிக்கும்போது எத்தனை இன்ச் வேக்யூம் வருது? கன்வெர்ட்டர் மாத்தினீங்களா? வால்வ் ஸ்பிரிங், லிஃப்டர், டைமிங் செயின் எப்படியும் புதுசுதான். ஃப்ளாட் டாப்பெட்டுக்கு (கேம் மேல உரசி ஓடுற தட்டையான லிஃப்டர்) தேய்மானத்தைக் குறைக்கிற சிங்க் அதிகமா இருக்கிற ஆயில் எது ஊத்துறீங்க? இல்ல, கூடுதலா செலவு பண்ணி ரோலர் கேமுக்கே (லிஃப்டர்ல உருளை இருக்கிற வகை) போயிடலாமா?