கொரோனா காலத்துல சேலம் எப்படி இருந்துச்சு? நேர்ல பாத்தவங்க சொல்லுங்க

கேட்டவர்: அஸ்தம்பட்டி மாணவி
அப்ப நான் ஏழாவதுங்க. கல்வி தொலைக்காட்சி பாத்ததும் அம்மா தினம் கபசுரக் குடிநீர் குடுத்ததும்தான் ஞாபகம். இப்ப காலேஜ்ல ப்ராஜெக்ட். 2020 மார்ச் 25ல 21 நாள்னு ஆரம்பிச்சு ஊரடங்க நீட்டிக்கிட்டே போனாங்க, அதெல்லாம் படிச்சிட்டேன். அரசாங்கம் செஞ்சதுல நம்மூர் ஜனங்களுக்கு நெசமா கைகொடுத்தது எது, கைவிட்டது எது, அதான் வேணும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்காரன்
கண்ணு, ஏப்ரல் 26ல இருந்து 28 வரைக்கும் சேலத்துக்கும் திருப்பூருக்கும் முழு ஊரடங்குன்னு போட்டாங்க, அந்த 26தான் அட்சய திருதியை. வருசத்துல எங்களுக்கு நல்ல யாவாரம் நடக்கற சமயம் அது, பாலீஷ் போட்ட கொலுசெல்லாம் அப்படியே பெட்டில கெடக்குது, வடநாட்டு யாவாரி போனே எடுக்கல, பட்டறைல கொலுச பத்த வெச்சு ஒட்டற ஆளுங்களுக்கு வாரக்கூலி, வேலை இல்லன்னா காசு இல்ல. ரேஷன்ல 1000 ரூபாயும் அரிசியும் குடுத்தாங்க. அரிசி நெசமா காப்பாத்துச்சு, மறுக்க மாட்டேன். ஆனா 1000 ரூபா வீட்டு வாடகைக்கே பத்தாது. ஊர அடைக்கறதுக்கு முன்னாடியே கூலிக்காரனுக்கு என்ன வழின்னு யோசிச்சிருக்கணும்.

நர்ஸ் அக்கா
அண்ணா சொல்றது முழுக்க நியாயம். ஆனா ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்து பாத்தவ நான், அந்த மொத ஊரடங்கு இல்லன்னா பெட்டு, டெஸ்ட் லேப், பிபிஇ கிட்டு (உடம்பு முழுக்க மூடற பாதுகாப்பு உடுப்பு) எதுவும் தயார் பண்ண நேரமே கெடச்சிருக்காது.

2021 மே மாசம்தான் கண்ணுலயே நிக்குது. 21ஆம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 கேஸ். அந்த வாரந்தான் நம்ம இரும்பாலைல 500 ஆக்ஸிஜன் படுக்கை போட்டு வார்டு தொறந்தாங்க, அத நான் பெரிய காரியம்னுதான் சொல்லுவேன். வார்டுல ஒவ்வொருத்தர் விரலா, ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு காட்டற ஆக்ஸிமீட்டர் மாட்டுவோம், விரல் சில்லுனு இருந்தா ரீடிங் சரியா வராது, ரெண்டு கையுறைய மாட்டிக்கிட்டு அவங்க கைய தேச்சு சூடாக்கி திரும்ப மாட்டணும், 88, 89ன்னு கொறச்சலா காட்டுச்சுன்னா குப்புறப் படுக்க வெச்சு, பக்கத்துலயே நின்னு நம்பர் ஏறுதான்னு பாக்கணும். ஏறாத ராத்திரியும் இருந்துச்சு.

ஏற்காடு மலைக்காரன்
மலைல வேற மாதிரிங்க. மொத ஊரடங்கு வந்தப்ப மொளகு பறிப்பு நடந்துட்டிருந்துச்சு, விவசாயத்துக்கு விலக்கு குடுத்ததால தோட்ட வேல ஓரளவுக்கு ஓடுச்சு. அடிபட்டது ஏரிகிட்ட கடை போட்டவங்க, லாட்ஜ்ல வேல பாத்தவங்க. 2020, 2021 ரெண்டு வருசமும் கோடை விழா இல்ல, சீசன் காச நம்பி வட்டிக்கு வாங்குன குடும்பமெல்லாம் ரொம்ப நொந்துருச்சு.

தடுப்பூசிய பத்தி கண்டிப்பா எழுதுங்க தங்கச்சி. நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாவது நாள் மாரடைப்புல இறந்தாரா, ஊசியால இல்லன்னு டாக்டருங்க எவ்வளவு சொல்லியும் எங்க பக்கம் ஒருத்தரும் கைய நீட்டல. ஐஸ் பெட்டியோட நர்சம்மாவும், ஊர்ல சுகாதார வேல பாக்கற ஆஷா அக்காவும் ஊருக்குள்ள நடந்தே வந்து, திண்ணைல உக்காந்து, பாட்டிங்ககிட்ட சுகர் இருக்கா, பிரஷர் இருக்கான்னு பொறுமையா பேசிப் பேசித்தான் போட வெச்சாங்க. கீழ வாங்கன்னு மைக்குல கூப்ட்டப்ப போகாத ஜனம் அது.

அஸ்தம்பட்டி மாணவி
ரொம்ப நன்றிங்க. இறந்தவங்க குடும்பத்துக்கு 50,000 ரூபாய்னு படிச்சேன், எல்லாருக்கும் கெடச்சுதா?

நர்ஸ் அக்கா
இல்லம்மா. பல பேரோட இறப்பு சர்டிபிகேட்ல நிமோனியா, மாரடைப்புன்னுதான் இருந்துச்சு. கொரோனான்னு எழுதலங்கற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு 2021 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனா பாசிட்டிவ் வந்த ரிப்போர்ட்டாவது கைல இருக்கணுமே, டெஸ்டே எடுக்காம வீட்லயே போனவங்க குடும்பம் எத காட்டும்? இந்தியாவுல 2021 கடைசி வரைக்கும் கணக்குல வந்தது 4.8 லட்சம் சாவு, உலக சுகாதார நிறுவனம் 47 லட்சம் இருக்கும்னு சொன்னுச்சு, மத்திய அரசு அத ஏத்துக்கல. ப்ராஜெக்ட்ல ரெண்டு நம்பரையும் போடும்மா, கணக்குல வராதவங்க வீட்ல யாராவது பேச முன்வந்தா அவங்க சொல்றதையும் சேத்து எழுது.