மேலத்தெரு குடும்பக் குழு: நாளை வரும் குஞ்சுகள்

சுகன்யா: எல்லோருக்கும் வணக்கம். நாளை மாலை ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து 25 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு வருகிறது. பொரித்து ஒரு நாள்தான் ஆகியிருக்கும். கவிழ்த்து மூடுகிற அப்பாயி வீட்டுப் பஞ்சாரக் கூடை யாரிடம் இருக்கிறது?

பாமா அத்தை: 25ஆ

பாமா அத்தை: 2018 கஜா புயலில் அம்மாவின் கோழி எல்லாம் போனபிறகு வாசலே வெறிச்சென்று கிடக்கிறது. வரட்டும்மா.

குமார்: அண்ணி, மாசியில் பாப்பாவுக்குக் காது குத்து. பத்து சேவல் என் பெயரில் எழுதிவிடுங்கள்.

செந்தில்: குஞ்சே இன்னும் வரவில்லை

செல்வராசு சித்தப்பா: பஞ்சாரம் இப்போது வேண்டாம் சுகன்யா. அது தாயோடு திரிகிற குஞ்சுக்கு. இதுகளுக்குத் தாய் இல்லை, சூட்டை நாம்தான் கொடுக்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட், அப்புறம் வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்து. மூலை இருந்தால் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும். கீழே இரண்டு அங்குலம் உமி, முதல் இரண்டு நாள் அதன்மேல் செய்தித்தாள். நடுவில் 60 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. போடாதே, அதில் குஞ்சுக்கு வேண்டிய சூடு வராது. குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம், பரவலாக நின்று கொத்தினால் சரி.

ரவி: குண்டு பல்பு இப்போது எங்கே கிடைக்கிறது

கமலா பெரியம்மா: பரணில் இரண்டு இருக்கிறது. எரியுமா பார்க்க வேண்டும்.

குமார்: பெரியம்மா பரணில் இல்லாதது எது? என் கிரிக்கெட் மட்டைகூட அங்கேதான்.

கமலா பெரியம்மா: அது ரவியுடையது

சுகன்யா: நன்றி அத்தை. மாமா, இடம் எது நல்லது? மாட்டுக் கொட்டகை சும்மாதான் கிடக்கிறது.

ரவி: கொட்டகை பொதுவில் இருக்கிறது. பாகம் பிரித்த அன்று அப்படித்தான் பேச்சு.

செந்தில்: கோழி விடத்தானே அண்ணே கேட்கிறாள்

ரவி: மோட்டாரும் இப்படித்தான் ஆரம்பித்தது

பாமா அத்தை: காலையிலேயே வேண்டாம்

குமார்: வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா?

செந்தில்: வருகிறது, முறை வைத்து விடுகிறார்கள். நடவுக்கு ஆள்தான் இல்லை.

கமலா பெரியம்மா: நம் வயலுக்கு நேற்றும் எட்டவில்லை

செல்வராசு சித்தப்பா: ரவி, அவள் கொட்டகை கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, கேள். இப்போது ஆவணிக் கடைசி. ஐப்பசி அடைமழையில் இந்தக் குஞ்சுக்கு ஐந்து, ஆறு வாரம் இருக்கும். ரத்தக் கழிச்சல் பிடிக்கிற வயதே அதுதான். உமி ஈரமானால் அந்தக் கிருமி பெருகும். நம் தெருவில் மேட்டுத் தரையும் ஒழுகாத கூரையும் உள்ள இடம் அந்தக் கொட்டகைதான். தினமும் உமியைக் கிளறி, நனைந்ததை அள்ளி எறிய வேண்டும்.

செல்வராசு சித்தப்பா: அடுத்தது வெள்ளைக் கழிச்சல். வந்தபிறகு மருந்து கிடையாது, தடுப்பு மட்டும்தான். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா என்கிற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். குப்பி பெரும்பாலும் 100 குஞ்சுக்கு உரியது, கலக்கிவிட்டால் மிச்சம் பிடித்து வைக்க முடியாது. தெருவில் யாரிடம் குஞ்சு இருக்கிறதோ அவர்களையும் அதே நாளில் கூப்பிடு.

பாமா அத்தை: அம்மா எந்தச் சொட்டு விட்டாள்? குருணை இறைப்பாள், அவ்வளவுதான்.

செல்வராசு சித்தப்பா: ஒரு கழிச்சலில் அம்மாவின் கொல்லை முழுக்கக் காலியானதும் உனக்குத் தெரியும் பாமா. தப்பித்ததை வைத்துத் திரும்பப் பெருக்கினாள். குருணையோடு தாய்க்கோழி கிளறிக் கொடுத்த கறையானும் புழுவும் அந்தக் குஞ்சுக்குக் கிடைத்தன. இதுகளுக்கு முதல் இரண்டு மாதம் குஞ்சுத் தீவனம்தான், புரதம் 20 சதவீதம் இருக்க வேண்டும். வெறும் குருணை போட்டால் இறகு முளைக்காமல் சோர்ந்து நிற்கும். கறையான் நாமே பிடிக்கலாம் சுகன்யா. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, புற்று உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வை. விடியற்காலை எடுத்துத் தட்டினால் கொட்டும். இரண்டு மாதம் தாண்டியதும் குருணை, தவிடு, அகத்தி, முருங்கை, தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்று மாற்று. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு மட்டும் கூடவே கூடாது.

சுகன்யா: எழுதி வைத்துக்கொண்டேன் மாமா

குமார்: கூடவே நாலு கருங்கோழியும் விடலாமே, முட்டை நல்ல விலை போகிறது

செல்வராசு சித்தப்பா: அந்தக் கடக்நாத் மத்தியப் பிரதேசம் ஜாபுவாப் பக்கத்துக் கோழி, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது. நல்ல கோழிதான், ஆனால் அடையில் சரியாக உட்காராது. நம் சிறுவிடை தானே அடைகாத்து, 21 நாளில் பொரித்து, தானே வளர்க்கும். இரண்டையும் ஒன்றாக விட்டால் இரண்டு தலைமுறையில் கலந்துபோகும். அம்மா வீட்டு இனம் திரும்ப வர வேண்டும் என்றால் தனியாகவே இருக்கட்டும். சேவலில் நல்லதாக இரண்டை இனத்துக்கு நிறுத்திவிட்டுத்தான் காது குத்தெல்லாம்.

குமார்: அப்போது எனக்கு எத்தனை?

பாமா அத்தை: முறுக்குக்கு யாரிடம் சொல்லியிருக்கிறாய் குமார்

கமலா பெரியம்மா: ஒரு பல்பு எரிகிறது. ஆளை அனுப்பு.

செந்தில்: கொட்டகைச் சாவி?

ரவி: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பேசிக்கொள்ளலாம்

செந்தில்: குஞ்சு நாளைக்கு வருகிறது அண்ணே

ரவி: அதுவரை திண்ணையில் வையுங்கள்

செல்வராசு சித்தப்பா: திண்ணை ஆகாது, பூனை வரும். உள்ளறையில் வை சுகன்யா. இறக்கியதும் கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து ஒவ்வொன்றின் அலகையும் நனைத்துவிடு, அதற்குப் பிறகுதான் தீவனம். தட்டில் கூழாங்கல் போடு, இல்லாவிட்டால் தண்ணீரில் விழும்.

சுகன்யா: சரி மாமா. எதிர்வீட்டு அக்காவிடம் பத்துக் குஞ்சு இருக்கிறது, சொட்டு மருந்துக்குச் சொல்லிவிட்டேன். வேறு யாராவது?

ரவி: கொட்டகையில் எத்தனை நாள்?